மூன்றாம் சுரங்கத்துக் கிணற்றுக்காரி

கதிரியக்கக் கழிவு ஆய்வு நிலையத்தின் மூன்றாம் சுரங்கத்திலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, இன்னும் பன்னிரண்டாயிரத்து நானூறு வருடம் கழித்துப் பிறக்கப்போகிற ஒரு பெண் வெளியே வந்து, லிப்டில் ஏறி, வரவேற்பறையில் போய் உட்கார்ந்தாள். ஐம்பது வயது மதிக்கலாம். தோளில் ஒரு கடப்பாரை, இடுப்பில் சுருட்டிய கயிறு, முழங்கால்வரை காய்ந்த சேறு. வரவேற்பு மேசைப் பெண் வழக்கம்போல பார்வையாளர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். யாரைப் பார்க்க வேண்டும் என்ற கட்டத்துக்குக் கிடைத்த பதில், "அந்தக் கல்லுல படம் போட்டது யாரோ அவங்கள." வந்த நோக்கம், "அர்த்தம் கேக்கணும்." அடையாள அட்டை எதுவும் இல்லாததால் கடப்பாரையை வாங்கி வைத்துக்கொண்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பச்சை அட்டை கொடுத்தார்கள். தொழில் என்ற கட்டத்தில் கிணறு தோண்டுவது என்று எழுதியிருந்ததால் நிலையத்தில் அவளுக்குக் கிணற்றுக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவள் எந்தக் காலத்தவள் என்பதை யாரும் ஊகித்துச் சொல்லவில்லை. அளந்துதான் சொன்னார்கள். காலிலிருந்து உதிர்ந்த சேற்றைக் காலக்கணிப்புப் பிரிவில் சுரண்டிக்கொண்டு போய்ச் சோதித்ததில் மைனஸ் பன்னிரண்டாயிரத்து நானூறு என்று வந்தது. கருவி பழுது என்று இன்னொரு கருவியில் வைத்தார்கள். மைனஸ் பன்னிரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இரண்டு கருவிக்கும் நடுவே இரண்டு வருடம் ஏன் உதைக்கிறது என்று அந்தப் பிரிவில் வாரம் முழுக்கச் சண்டை நடந்தது. மைனஸ் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

நிலையம் அரசாங்கத்துடையது. அணு உலையில் எரிந்து முடிந்ததைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகு உருளையில் ஊற்றி, உருளையைச் சுற்றிக் களிமண் போர்த்தி, நூற்றிருபது மீட்டர் ஆழத்தில் பாறைக்குள் படுக்கவைத்தால் அது எத்தனை காலத்துக்குச் சொன்னபடி படுத்திருக்கும் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. முதல் இரண்டு சுரங்கங்களில் கழிவை வைப்பதாகத் திட்டம். மூன்றாவது சுரங்கம் வெறும் சோதனைக்கு. அதற்குள் களிமண்ணைச் சூடாக்கிப் பார்ப்பார்கள், நனைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதன் கடைசியில் ஒரு வளைவு உண்டு. வளைவைத் தாண்டிப் போகக் கூடாது என்று மஞ்சள் கோடு போட்டிருந்தது. பணியாளர் காப்பீடு அந்தக் கோடுவரைதான் செல்லும்.

கிணற்றுக்காரி தேடி வந்த ஆள் பலகையம்மா. உண்மையில் அவர் மொழியியல் படித்தவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் எச்சரிக்கைக் குறியீட்டுப் பிரிவில் சேர்ந்தபோது அங்கே நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் வேறு துறைக்குப் போனார், ஒருவர் வேலை பிடிக்காமல் தேனீ வளர்க்கப் போய்விட்டார். மிஞ்சியது பலகையம்மாவும் ஓர் இரும்பு அலமாரியும். பத்தாயிரம் வருடத்துக்குப் பிறகு இன்றைக்குள்ள மொழி எதுவும் இருக்காது, எழுத்து இருக்காது, அரசாங்கமும் இருக்காது. அப்போது அந்த இடத்தில் வந்து நிற்கிறவனுக்கு 'இங்கே தோண்டாதே' என்று எப்படிப் புரியவைப்பது? இதுதான் அவருடைய வேலை. எண்பத்தேழு பலகை வரைந்திருந்தார். எதையும் யாரும் பாராட்டியதும் இல்லை, குறை சொன்னதும் இல்லை. வேலை சரியா தப்பா என்று தெரிய பத்தாயிரம் வருடம் ஆகும் என்பதால் மேலதிகாரிகள் அவரை ஒரு தொந்தரவும் செய்யவில்லை.

அவருடைய கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க மனிதர்களை நாற்காலியில் உட்கார்த்தி, எதிர்ச்சுவரில் என்ன தெரிகிறது என்று கேட்பவர். மனைவியின் வேலையைப் பற்றி அவருக்கு ஒரே ஓர் அபிப்பிராயம்தான் உண்டு. "பத்தாயிரம் வருஷம் கழிச்சு வர்றவன் கெடக்கட்டும். நம்ம வீட்டு பாத்ரூம் கதவுல 'தாழ்ப்பாள் போடவும்'னு எழுதி ஒட்டினியே, உங்க அண்ணன் ஒருநாளாவது படிச்சாரா?" என்பார். அண்ணன் பக்கத்து அறையிலிருந்தே, "எந்தக் கதவுல?" என்று கேட்பார்.

கிணற்றுக்காரிக்குத் தமிழ் எப்படித் தெரிந்தது என்று பின்னாளில் பலரும் கேட்டார்கள். அவள் ஊரில் பேசுவது வேறு பாஷை. ஆனால் அங்கே மலைச்சரிவில் ஒரு குகை இருந்தது. அதற்குள் போய்க் காதை வைத்தால் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்கும். பதினோரு வருடம் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டிருந்தாள். கேட்டது முழுக்க, குகையின் மறுமுனையான மூன்றாம் சுரங்கத்தின் மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் பேசிய பேச்சு. மேஸ்திரி நல்ல மனிதர், வாய் மட்டும் சுத்தமில்லை. யாரைக் கூப்பிட்டாலும் முன்னால் ஒரு 'தடிமாடு' சேர்த்துத்தான் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆளும், "இதோ வந்துட்டேண்ணே" என்று ஓடுவான். அதனால் அது பெரிய மரியாதைச் சொல் என்று கிணற்றுக்காரி முடிவு கட்டியிருந்தாள். முதல் நாள் இயக்குநர் தன் அறையில் அவளை வரவேற்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கை கூப்பியபோது, அவளும் எழுந்து நின்று இரண்டு கையையும் குவித்து, "நல்லாயிருக்கீங்களா தடிமாடு?" என்றாள். இயக்குநர் பலகையம்மாவைப் பார்த்தார். பலகையம்மா ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். அவர்கள் ஊரில் மூன்று வருடமாக மழை இல்லை. இருக்கிற கிணறெல்லாம் வற்றிவிட்டது. ஊருக்கு வெளியே கரும்பாறை மேட்டில் ஓர் உயரமான கல் நிற்கிறது. அதில் செதுக்கியிருக்கும் படத்தைப் பார்த்து அங்கே தோண்டச் சொல்கிறது ஊர். தோண்டப்போவது அவள்தான். தோண்டுவதற்கு முன்னால், கல் என்னதான் சொல்கிறது என்று வைத்தவர்களையே கேட்டுவிடலாம் என்று வந்தாள். ஒரு தாளைக் கொடுத்தார்கள். தாளை முகர்ந்து பார்த்துவிட்டு, விரித்த உள்ளங்கை ஒன்றை வரைந்தாள்.

பலகையம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அது அவருடைய எண்பத்தேழாவது பலகை. அவருக்கே பிடிக்காமல், வேறு வழியில்லாமல் அந்த மாதம்தான் ஒப்புதல் குழுவுக்கு அனுப்பியிருந்தார். "இந்தக் கைக்கு என்ன அர்த்தம்னு உங்க ஊர்ல நெனைக்கிறாங்க?" என்று கேட்டார்.

"இது தெரியாதா? வா வான்னு கூப்பிடுது. அஞ்சு விரல் இருக்குல்ல, அஞ்சு வாய்க்கால் தண்ணி இருக்காம்."

இருபத்திரண்டு வருட உழைப்புக்குக் கிடைத்த முதல் வாசகர் அபிப்பிராயம் அது. பலகையம்மா அவளிடம் எல்லாவற்றையும் விளக்கினார். கீழே இருப்பது தண்ணீர் இல்லை, கண்ணுக்குத் தெரியாத நெருப்பு, அதைத் தொட்ட தண்ணீரைக் குடித்தால் ஊர் அழிந்துபோகும் என்றார். கிணற்றுக்காரி பொறுமையாகக் கேட்டாள், புரிந்தது என்றாள், ஊருக்குப் போய்ச் சொல்வதாகவும் சொன்னாள். கடப்பாரையை வாங்கிக்கொண்டு லிப்டில் இறங்கிப் போனாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்குத் திரும்பி வந்தாள். "எவனும் நம்பல. குகைக்குள்ள தடிமாடுங்க சொன்னாங்கன்னா எவன் நம்புவான்? கல்லு என்ன சொல்லுதோ அதுதான்ங்கறாங்க. நான் தோண்டலைன்னா வேற ஆளை வெச்சுத் தோண்டுவாங்களாம்." தோண்ட ஆரம்பித்திருந்தாள். வேண்டுமென்றே மெதுவாகத் தோண்டுவதாகச் சொன்னாள். ஆனால் அவளுக்கு மெதுவாகத் தோண்டிப் பழக்கமில்லை. நாலு ஆள் ஆழம் இறங்கியாகிவிட்டது. நூற்றிருபது மீட்டர் என்பது அவள் கணக்கில் எழுபது ஆள் ஆழம்.

அன்றைக்கே பலகையம்மா உள்ளங்கையைத் திரும்பப் பெற்று, மண்டையோட்டுப் பலகையை அனுப்பினார். குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் கிணற்றுக்காரி வந்து உட்கார்ந்ததுமே குழப்பத்தோடு சொன்னாள், "போன வாரம் கை இருந்துச்சு. இப்ப போய்ப் பாத்தா சிரிக்கிற ஆள் ஒருத்தன் இருக்கான். தாத்தா காலத்துலேர்ந்தே அவன்தான் இருக்கான்னு ஊரே சத்தியம் பண்ணுது. எனக்கு மட்டுந்தான் கை ஞாபகம் இருக்கு." இங்கே தாளில் மாற்றினால் அங்கே கல்லில் மாறிவிடுகிறது, அதுவும் எப்போதும் அப்படியே இருந்ததுபோல மாறிவிடுகிறது என்று அப்படித்தான் தெரியவந்தது. பாதுகாப்புக் கணக்குப் பிரிவில் இதைக் குறித்துக்கொண்டார்கள். பலகையம்மா குறித்துக்கொள்ளவில்லை. அவர் கேட்டது, "சிரிக்கிறவனப் பாத்து என்ன நெனைக்கிறாங்க?"

"சந்தோஷமா இருக்கான். கீழ தண்ணி இல்லாமலா சிரிப்பான்?"

இப்படியே நாலு வருடம் போயிற்று. ஒவ்வொரு செவ்வாயும் பத்தேகாலுக்குக் கிணற்றுக்காரி வருவாள், பச்சை அட்டையை மாட்டிக்கொள்வாள், தேநீரில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டபடி அந்த வாரத்துப் பலகையை ஊர் எப்படிப் புரிந்துகொண்டது என்று சொல்வாள். அலறுகிற முகத்தைப் பாடுகிற முகம் என்றார்கள். கல் முள்வேலி போட்டால் நிழலுக்கு நல்லது என்று ஆடுகளைக் கட்டினார்கள். வாந்தி எடுக்கும் மனிதனை வரைந்தபோது, அவன் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு வருகிறது பார் என்று ஊரே கூடிக் கும்பிட்டது; அந்த வாரம் மட்டும் நாலு ஆள் ஆழம் கூடுதலாகத் தோண்டினார்கள். ஒன்றுமே வரையாமல் வெறும் கல்லை நிறுத்திப் பார்த்தார் பலகையம்மா. எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு இரண்டு பக்கமும் தோண்டினார்கள். கணவர் மட்டும் ஒவ்வொரு முறையும், "இன்னும் கொஞ்சம் பெருசா போட்டுப் பாரேன்" என்றார். பெரிதாகப் போட்டதும் தூரத்து ஊர்க்காரர்களும் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள்.

இதற்கிடையில் நிலையத்தில் மேஸ்திரியின் போக்கு மாறியிருந்தது. தமிழ் மொழியில் பன்னிரண்டாயிரம் வருடம் தாக்குப்பிடித்து நிற்கப்போவது தன்னுடைய வசவு மட்டும்தான் என்று யாரோ சொல்லப்போக, அவருக்கு இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் சுரங்கத்துக்குள் இறங்கியதும், "பெருமதிப்புக்குரிய நண்பரே, தயைகூர்ந்து அந்தக் கம்பியைச் சற்று நகர்த்துகிறீர்களா?" என்றார். கம்பியைப் பிடித்திருந்தவன் பயந்துபோய் அதைக் காலில் போட்டுக்கொண்டான். தன்னை வேலையைவிட்டுத் தூக்கப்போகிறார்கள் என்று ஒருவன் வீட்டில் போய் அழுதான். ஆனால் மேஸ்திரி விடவில்லை, தூய தமிழிலேயே துளை போட்டார். விளைவு என்னவென்றால், கிணற்றுக்காரியின் பேச்சு இரண்டும் கலந்ததாக ஆகிவிட்டது. அமைச்சகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரிகளைப் பார்த்து, "பெருமதிப்புக்குரிய தடிமாடுகளே, வருக" என்றாள். அமைச்சகத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இயக்குநர் அறிக்கையில் 'எதிர்காலப் பயனாளி ஒருவருடன் தொடர் கலந்துரையாடல்' என்று எழுதினார். அப்படி எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அவர் அனுபவம். யாரும் கேட்கவும் இல்லை.

இவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் பலகையம்மா இளைத்துக்கொண்டே வந்தார். முதல் வருட முடிவில் பன்னிரண்டு ஆள் ஆழம். இரண்டாம் வருடம் முப்பது. நாலாம் வருடம் ஐம்பத்தொன்பது. கிணற்றுக்காரியும் முன்போல இல்லை. உதடு வெடித்திருந்தது. பிஸ்கட்டைச் சாப்பிடாமல் இடுப்பில் முடிந்துகொண்டாள். தேநீரைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இதை ஒரு பாத்திரத்தில் ஊற்றித் தரமுடியுமா என்று கேட்டாள். பலகையம்மா இரண்டு பெரிய கேன் நிறைய நல்ல தண்ணீர் பிடித்துக் கொடுத்து அனுப்பினார். மஞ்சள் கோட்டைத் தாண்டி அவள் நாலடி வைத்ததும் கேன்கள் காலியாகிவிட்டன. தண்ணீர் பன்னிரண்டாயிரம் வருடம் மூடிய கேனில் நிற்குமா என்று மேஸ்திரி வருத்தத்தோடு கேட்டார். அன்று வீட்டுக்குப் போன பலகையம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அண்ணன் தட்டாமல் கதவைத் திறந்து, மன்னிப்புக் கேட்டு, பிறகு தங்கை அழுவதைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் குழாயை மூடிவிட்டுப் போனார்.

அந்த மாதம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி என்பதால் வருடத்துக்கு ஒருமுறை மக்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று சட்டம். நூறு நாற்காலி போடுவார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வருவார். அவரும் ஏசிக்காக வருவதாகக் கேள்வி. அந்த வருடம் கூட்டம் செவ்வாய்க்கிழமை விழுந்ததால் தபால்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் கிணற்றுக்காரியும் வந்து உட்கார்ந்தாள். பாதுகாப்பு பற்றி இயக்குநர் நாற்பது படம் போட்டுக் காட்டி முடித்து, கேள்வி ஏதாவது உண்டா என்று தபால்காரரைப் பார்த்துக் கேட்டார். கிணற்றுக்காரி எழுந்து நின்றாள்.

"நாலு வருஷமா வர்றேன். வர்றப்பல்லாம் தோண்டாதே தோண்டாதேன்னு சொல்றீங்க. சரி, தோண்டல. அப்ப எங்கதான் தோண்டறது? அத ஒரு தடிமாடும் சொல்லலியே."

அவ்வளவுதான் சொன்னாள், உட்கார்ந்துவிட்டாள். பலகையம்மா தன் மடியில் வைத்திருந்த இருநூற்றுப் பதின்மூன்று பலகைத் தாள்களையும் ஒரு முறை பார்த்தார். கை, மண்டையோடு, முள், அலறல், எல்லாம் ஒன்றையேதான் சொல்லின. தாகத்தில் நிற்கிற மனுஷியிடம் இருநூற்றுப் பதின்மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு முகம் சூடாகிவிட்டது. யாரிடம் கேட்பது என்று திரும்பிப் பார்ப்பதற்குள், கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தண்ணீர்க்காரர் எழுந்து நின்றிருந்தார்.

தண்ணீர்க்காரர் என்பவர் நிலத்தடி நீர் ஆய்வாளர். கழிவுக் கிடங்கிலிருந்து ஏதாவது கசிந்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துகொள்வதற்காக, அந்தப் பிரதேசத்தின் தண்ணீர் அடுத்த ஒரு லட்சம் வருடத்துக்கு எப்படியெல்லாம் ஓடும் என்று ஐந்நூறு வருடத்துக்கு ஒரு வரைபடமாகப் போட்டு வைத்திருந்தார். பத்தொன்பது வருட உழைப்பு. அதைப் பற்றி அதுவரை யாரும் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கூச்ச சுபாவம் வேறு. கேன்டீனில் இரண்டாவது தேநீர் கேட்கவே தயங்குகிறவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குத் தெரியும்," என்றார்.

கூட்டமே திரும்பிப் பார்த்தது, அதாவது தபால்காரர் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டாயிரமாவது வருடத்துக்கும் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறாவது வருடத்துக்கும் படம் இருக்கிறது, நடுவில் கணக்குப்போட்டுக்கொள்ளலாம் என்று தண்ணீர்க்காரர் சொன்னார். கல்லிலிருந்து கிழக்கே இரண்டு கிலோமீட்டரில், பத்து ஆள் ஆழத்தில் நல்ல ஊற்று இருக்கும். மேட்டுப் பக்கம், கிடங்கைத் தொட்ட தண்ணீர் ஒரு சொட்டுகூட அங்கே ஏறாது. இயக்குநர் எழுந்தார். அந்த வரைபடங்கள் இன்னும் இறுதி ஒப்புதல் பெறாதவை, பொதுமக்களுக்குத்தான் தரமுடியும், அதுவும் விண்ணப்பித்தால்தான் தரமுடியும் என்றார். "இவங்க பொதுமக்கள் கிடையாதே. இன்னும் பொறக்கவே இல்லையே!"

நிலையத்தின் சட்ட ஆலோசகர் அதுவரை தன் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தேடியது சட்டப் புத்தகமாகத்தான் இருந்தது. இந்த ஆய்வின் முடிவுகள் இன்றுள்ள மக்களுக்கும் இனி வரவிருக்கும் தலைமுறையினருக்கும் சொந்தம் என்று மூன்றாம் பிரிவை உரக்கப் படித்தார். "வரவிருக்கும்னு போட்டிருக்கே, இவங்கதான் வந்துட்டாங்களே?" என்றார் இயக்குநர். "வந்துட்டா குடுக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல, சார்" என்றார் ஆலோசகர். தபால்காரர் கை தட்டினார். இயக்குநர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. கையெழுத்துப் போட ஒரு பிரிவு கிடைத்தால் போதும் அவருக்கு.

வரைபடத்தைக் கிணற்றுக்காரி கையில் கொடுத்தனுப்பிப் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊர் கல்லைத்தான் நம்பும். பலகையம்மா அன்றே ஒரு குடத்தையும் கிழக்கே பார்த்த அம்புக்குறியையும் வரைந்தார். அடுத்த வாரம் கிணற்றுக்காரி தலையில் அடித்துக்கொண்டே வந்தாள். அவர்கள் ஊரில் அம்பு கிடையாது. அது கொக்கின் காலடி என்று நினைத்து, கொக்கு வந்த திசையைத் தேடிக்கொண்டு ஊர் முழுக்க மேற்கே போய்விட்டது. ஆனால் கிணறு அறுபத்துநாலு ஆள் ஆழத்தில் அப்படியே இருந்தது, மேற்கே போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினால் மீண்டும் இறங்குவார்கள்.

வழி சொன்னவர் மேஸ்திரி. பலகையம்மாவின் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, தூய தமிழை மறந்துபோய்ச் சொன்னார். "அம்மா, எங்காளுங்க சுரங்கத்துல எந்த போர்டையும் படிச்சதில்ல. ஒத்துக்கறேன். ஆனா ஈரக் களிமண்ணுல முன்னாடி போனவன் கால் பதிஞ்சிருந்தா, கண்ணை மூடிக்கிட்டு அதுமேலயே காலை வெச்சுப் போவாங்க. எதுக்குன்னு கேட்டா அவங்களுக்கே தெரியாது."

பலகையம்மா எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருபத்தாறு வருட வேலையில் அவர் ஒரு சக ஊழியரைக் கட்டிப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

மூன்றே நாளில் காரியம் நடந்தது. நிலையத்தின் முன்னாலுள்ள வாகன நிறுத்துமிடத்தில் களிமண்ணை விரித்து, ஆட்களை வரிசையில் நிறுத்தி, வெறுங்காலால் மிதிக்கச் சொன்னார்கள். அந்தத் தடங்களை அச்செடுத்துக் கல்பாதையாகப் பதிப்பதுதான் திட்டம். கல்லிலிருந்து ஊற்றுவரை இரண்டாயிரத்து எழுநூறு காலடி வேண்டும், ஒரே கால்தடமாக இருந்தால் ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிடுவார்கள் என்று பலகையம்மா பிடிவாதமாக இருந்தார். எல்லோரும் மிதித்தார்கள். வரவேற்புப் பெண், காலக்கணிப்புப் பிரிவின் இரண்டு கட்சிக்காரர்கள், கேன்டீன்காரர், சட்ட ஆலோசகர், கணவர், அண்ணன், தபால்காரர். முதல் காலடி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று இயக்குநர் ஆசைப்பட்டார், ஆனால் அவருக்குத் தட்டைப் பாதம். அது வாத்துக் காலடி மாதிரி இருக்கிறது, மறுபடியும் ஊர் தப்பான பக்கம் போகும் என்று சொல்லி அவரை நடுவில் எங்கோ சேர்த்துவிட்டார்கள். வழியின் முடிவில், குனிந்து இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடிக்கும் ஒரு பெண். இருநூற்றுப் பதினைந்தாவது பலகை. குழு வெள்ளிக்கிழமை மாலை அதை ஏற்றுக்கொண்டது.

அடுத்த செவ்வாய் பத்தேகாலுக்கு லிப்ட் கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. பதினொன்றரைவரை பலகையம்மா வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த செவ்வாயும் யாரும் வரவில்லை. வேலை சரியாக நடந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம் என்று காலக்கணிப்புப் பிரிவில் விளக்கினார்கள். இப்போது அந்தப் பக்கம் கல் எப்போதும் வழி காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, ஊர் எப்போதும் கிழக்கேதான் தோண்டியிருக்கிறது. அர்த்தம் கேட்க வேண்டிய தேவையே யாருக்கும் வந்திருக்காது. ஆகவே அவள் இங்கே வந்தே இருக்கமாட்டாள். பச்சை அட்டைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார் பலகையம்மா. கட்டங்கள் அப்படியே இருந்தன, ஆனால் மை லேசாக வெளுத்திருந்ததுபோல அவருக்குப் பட்டது. வீட்டில் கணவர் தேநீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "ஊர் பொழைச்சுதுல்ல, அதுக்குத்தானே இவ்ளோ பாடு?" என்றார். ஆமாம் என்றார் பலகையம்மா. தேநீர் ஆறிப்போனது.

நாலாவது செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு லிப்ட் திறந்து கிணற்றுக்காரி வெளியே வந்தாள். தலையில் ஒரு மண்குடம் இருந்தது, குளித்திருந்தாள். சேறு இல்லாமல் அவள் கால்களை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"எங்க போயிட்டீங்க?" என்று பலகையம்மா கேட்டார்.

"தண்ணி வந்தா வேலை வராதா? ஊர்ல இருக்கற துணியெல்லாம் துவைச்சு முடிக்கவே மூணு வாரம் ஆச்சு."

"கல்லு என்ன சொல்லுதுன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்குமே. அப்புறம் என்ன கேக்க வந்தீங்க?"

"ஒண்ணும் கேக்க வரல, சும்மாதான் வந்தேன்," என்றாள் கிணற்றுக்காரி.

வந்த நோக்கம் என்ற கட்டத்தில் வரவேற்புப் பெண் அப்படியே 'சும்மா' என்று எழுதினாள். குடத்துத் தண்ணீரை முதலில் ஆய்வகத்துக்குத்தான் கொண்டுபோனார்கள், விதி அப்படி. சுத்தமான தண்ணீர், கதிரியக்கம் எதுவும் இல்லை, சுண்ணாம்புச் சத்து சற்று அதிகம் என்று முடிவு வந்த பிறகு எல்லோரும் ஆளுக்கு அரை டம்ளர் குடித்தார்கள். தண்ணீர்க்காரர் மட்டும் இரண்டாவது டம்ளர் கேட்டார்.

அதற்குப் பிறகு வருடங்கள் சாதாரணமாக நடந்தன. முதலிரண்டு சுரங்கங்களில் உருளைகள் ஒவ்வொன்றாக இறங்கின, சொன்னபடி படுத்தன. குறியீட்டுப் பிரிவைப் பணி நிறைவேறிய பிரிவு என்று அறிவித்து மூடினார்கள். அரசாங்கத்தில் அப்படி மூடிய பிரிவு அது ஒன்றுதான் என்று சொல்கிறார்கள். பலகையம்மா அறுபது வயதில் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, பேசி, போட்டோ எடுத்து அனுப்பிய மறுநாளே மூன்றாம் சுரங்க வாசலில் வந்து நின்றார். மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்று காவலாளி சொன்னார். பணியாளர்கள்தானே தாண்டக் கூடாது, நான்தான் இப்போது பணியாளர் இல்லையே என்று பலகையம்மா கேட்டதும் அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

இப்போதும் செவ்வாய்க்கிழமைதோறும் காலை எட்டரை மணிப் பேருந்தில் போகிறார், மாலை ஐந்து மணிக்குத் திரும்பிவிடுகிறார். கிணற்றுக்காரிக்குக் கண் மங்கிவருகிறதாம். போன மாதம் கணவரையும் கண்ணாடிப் பெட்டியோடு கூட்டிப்போனார். அந்தப் பக்கம் இப்போது நல்ல மழைக்காலம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும் சித்திரை மாதத்தில், பேருந்து நிறுத்தத்தில் சொட்டச் சொட்ட நனைந்த குடையை உதறி மடக்கிக்கொண்டு பலகையம்மா இறங்குவார். நிறுத்தத்தில் நிற்பவர்கள் மேலே தண்ணீர் தெறிக்காமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார்கள்.